ஒரு சோடி வெள்ளிப் பெரணி

அச்சை வாளித் தண்ணீருக்குள் போட்டதும் 'சொய்ங்' என்று சத்தம் எழும்பியது. சத்தம் சரியாகத்தான் எழும்பியது. பாலாமணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினாள். வெந்த பிளாஸ்டர் கரைந்து தண்ணீர் பால் போல் ஆனது. கையை விட்டுத் துழாவி வெள்ளித் துண்டை எடுத்தாள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். முதலில் காம்பு தெரிந்தது. பிறகு நடு நரம்பு. பிறகு இடப்பக்கத்துச் சிற்றிலைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொன்று.

வலப்பக்கத்தில் எட்டுத்தான் இருந்தன. மிச்சம் மூன்றும் இருக்கவேண்டிய இடத்தில், மேலே போக மனமில்லாததுபோல வெள்ளி பாதி வழியில் உருண்டு நின்றிருந்தது.

"நாசமாப் போச்சு!" என்று வாளிக்கு ஓர் உதை விட்டாள்.

"என்ன, மறுபடியும் பொக்கை வாயா?" தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஐயாவுவின் குரல் வந்தது.

"மூணு இலை வரல."

"மூணுதானே? நான் கட்டி விடவா? ஊர்ல அம்புட்டு பேருக்கும் கட்டுறேன், பொண்டாட்டிக்குக் கட்ட மாட்டேனா?"

"பேசாம உங்க வேலையப் பாருங்க!"

ஐயாவு பல் கட்டுகிறவன். மாத்தளை டவுனில் அவனுடைய கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. சினிமாப் பலகை எழுதுகிற ஒருவரைக் கொண்டு அவன் எழுதி வாங்கிய பெயர்ப்பலகையில், சிவப்பு உதட்டுக்கு நடுவே முப்பத்திரண்டு பல்லும் சிரித்துக்கொண்டிருக்கும். முன்பக்கம் அவனுடைய நாற்காலி. தட்டிக்குப் பின்னால் அடுப்பு, ஊதுவிளக்கு, வாளி. அது பாலாமணியின் இடம்.

கலியாணமாகி வந்த புதிதில் அவள் அவனுக்கு அச்சுக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெழுகில் ஒரு பல்லைச் செய்து, அதைப் பிளாஸ்டருக்குள் புதைத்துச் சுட்டால் மெழுகு எரிந்து போகும். அது இருந்த பள்ளத்தில் தங்கத்தை உருக்கி ஊற்றினால் தங்கப் பல். இதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் ஒரு குறுகுறுப்பு. மெழுகு எரியுமென்றால் கராம்பு எரியாதா? சமையல் டப்பாவிலிருந்து ஒரு கராம்பை எடுத்துப் புதைத்தாள். உடைந்த கொலுசுக் கண்ணி ஒன்றை உருக்கி விட்டாள். நாலு இதழும் நடுவில் உருண்டை மொட்டுமாக, வெள்ளிக் கராம்பு வெளியே வந்தது. அன்றைக்கு அதை மூக்கில் போட்டவள், அப்புறம் கழற்றவே இல்லை.

அதன்பிறகு மிளகுச் சரம், பெரணிச் சுருள், பூவரசம் மொட்டு, பாசி பிடித்த சுள்ளி என்று வேலியில் கண்டதையெல்லாம் எரித்தாள். இந்த வேலையில் இரண்டாம் தடவை என்று ஒன்று இல்லை. ஓர் இலை, ஒரு வார்ப்பு. வார்ப்பு கெட்டால் இலையும் போச்சு. இலை இருந்ததற்கு அடையாளமும் போச்சு. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவே இப்போது அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

ஏனென்றால் காதுக்கு இரண்டு வேண்டும் என்று ஆண்டவன் விதித்துவிட்டான். காட்டுக்கு அந்த விதி தெரியாது.

பலசரக்கு மொத்த வியாபாரி ஸக்கரியா முதலாளியின் மகள் றஸ்மியாவுக்குக் கலியாணம். தங்கம் எல்லாம் பெட்டியில் தயாராக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பித்த டீச்சர் ஒருத்தி பாலாமணியின் பெரணியைப் புடவையில் குத்திக்கொண்டு வருவாள். அதை ஐந்து வருசமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கிய பெண், மருதோன்றி வைக்கிற அன்றைக்கு எனக்கு அதேபோல வெள்ளிப் பெரணித் தொங்கட்டான்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முதலாளி தாமே கடைக்கு வந்தார்.

"மவள்ட ஆசை. நல்லபடியா செஞ்சு தாங்க. ஒங்களுக்கு என்ன வேணும் செல்லுங்க."

பாலாமணி யோசிக்கவே இல்லை. "பிளாஸ்டர் வேணும் முதலாளி."

சுவருக்குப் பூசுகிற பிளாஸ்டர் நெருப்பில் வெடித்துப் போகும். நெருப்பைத் தாங்குகிற இந்தச் சாமான் வெளிநாட்டிலிருந்து டின்னில் வந்துகொண்டிருந்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு அதை யாரும் கண்ணால் காணவில்லை. ஐயாவுவிடம் இருந்தது கடைசி டின். அதிலும் அரை டின்தான் மிச்சம். அது முடிந்தால், எங்காவது கொஞ்சம் கிடைத்தாலும் பல்லுக்குத்தான், இலைக்கும் பூவுக்கும் இல்லை என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அதில் நியாயமும் இருந்தது. சோறு போடுவது பல்தானே?

முதலாளி தாடியைத் தடவினார். "கொழும்புல ஆள் ஈக்குது. தோடு சரியா வந்தா, நாலு டின் எறக்கித் தாரது ஏன்ட பொறுப்பு."

தோடு சரியாக வந்தால். அங்கேதான் சிக்கல்.

முதல் சோடியை முதலாளியின் மனைவி றாபியா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வடிவாத்தான் ஈக்குது. ஆனா தங்கச்சி, ஒன்னு உம்மா, மத்தது மவள் மாதிரியெல்லோ ஈக்குது!" அளந்து பார்த்தபோது ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் நீளம். இரண்டாவது சோடியில் அளவு சரியாக வந்தது. இரண்டும் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தன. மூன்றாவதில் ஒன்று வந்து மற்றது வரவில்லை. வந்ததற்குப் பொருத்தமான இலை கிடைக்கவே இல்லை; நான்காவது சோடிக்கு முதலில் வார்த்ததுதான் இப்போது எட்டுப் பல்லோடு அவள் கையில் இருந்தது.

ஐயாவு தட்டியை விலக்கிக்கொண்டு வந்தான். டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"ரெண்டு அச்சுக்கு வரும். ஒன்னு எனக்கு, தங்கப் பல்லு ஒன்னு சொல்லியிருக்காங்க. மத்தது உனக்கு. அதோட சரி பாலா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"ஒன்னே ஒன்னா? எனக்கு ரெண்டு காது வேணுமே!"

"அத ஆண்டவன்கிட்டக் கேளு." போகிற போக்கில் மூலையில் இருந்த கூடையைப் பார்த்தான். "உருளைக்கிழங்கையும் காணோம். கிழங்குக் கறி சாப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? நீ அதையும் வெள்ளிக்குப் போட்டுடுற."

அவன் சொன்னதும் உண்மைதான். உருகிய வெள்ளி தானாக இலை நரம்புக்குள் ஓடாது. அச்சின் வாயில் வெள்ளி தளதளவென்று இளகி நிற்கும்போது, பாதியாக வெட்டிய பச்சை உருளைக்கிழங்கை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். கிழங்கின் ஈரம் ஆவியாகி, வெள்ளியை உள்ளே தள்ளும். அழுத்தம் ஒரு கணம் பிந்தினால் எட்டுப் பல். சந்தையில் கிழங்கைக் கண்டால் ஆட்கள் கலியாண வீட்டுக்கு ஓடுவதுபோல ஓடுகிற காலம் அது.

மருதோன்றி வியாழக்கிழமை. அன்று திங்கள். பாலாமணி மூலையில் உட்கார்ந்து யோசித்தாள். இரண்டு இலையையும் ஒரே அச்சில் வைத்தால் என்ன? ஒரே காம்பில் இரண்டையும் மெழுகால் ஒட்டி, ஒரே வெள்ளியில், ஒரே சூட்டில். வந்தால் இரண்டும் வரும். போனால் இரண்டும் போகும். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?

செவ்வாய் காலையில் முதல் பஸ்ஸில் ஏறிப் பலாபத்வலையில் இறங்கினாள். ரோட்டை விட்டு உள்ளே போனால் ஓர் ஓடை. அதன் கரை ஓரத்து ஈரச் சரிவு முழுக்கப் பெரணி. அவள் பாறையில் குந்தி ஒவ்வோர் இலையாகப் புரட்டி, சிற்றிலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து, பதின்மூன்று, பூச்சி தின்றது, ஓரம் கருகியது.

கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை நிறுத்தினாள். "என்னாக்கா தேடுறீங்க? அத மாடுகூடத் திங்காதே!"

"சோடி தேடுறேன்."

"இந்த வயசுலயா?" அவள் கலகலவென்று சிரித்தாள். "ஓடையோரமா தேடுனா தவளைதான் கிடைக்கும்!"

வேறொரு நாளாக இருந்தால் பாலாமணியும் சிரித்திருப்பாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு மணிநேரம் தேடி, முதுகு இற்றுப்போகும்போது, ஒரே தூரில் நேர் எதிராக விரிந்த இரண்டு இளம் இலைகள் கண்ணில் பட்டன. விரல் நீளம். பதினொன்று, பதினொன்று. நுனிச் சுருள் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். கண்ணாடியில் பார்த்ததுபோல இருந்தன. நகத்தால் கிள்ளி, ஈரச் சேம்பிலையில் சுற்றி, ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தாள். பெரணி கிள்ளிய ஒரு மணிநேரத்தில் வாட ஆரம்பித்துவிடும். பஸ்ஸோ அன்றைக்கென்று பிந்தி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இலையின் முதுகில் தேன்மெழுகை உருக்கிப் பூசினாள். இலை கனம் கூடினால்தான் வெள்ளி ஓடும். கண் முழுக்கச் சுருளிலேயே இருந்தது. சுருள் விரிந்துவிடக் கூடாது. காம்பில் இரண்டையும் ஒட்டி, இரும்பு வளையத்துக்குள் நிறுத்தி, டின்னின் அடியைச் சுரண்டிப் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினாள். பின்னேரம் வரை சிரட்டைக்கரியில் சுட்டாள். உள்ளே இருந்த இலைச் சாம்பலை ஊதி வெளியே தள்ளினாள்.

றாபியா கொடுத்திருந்த பழைய வெள்ளிக் கொலுசை அச்சின் வாயில் வைத்து ஊதுவிளக்கைக் காட்டினாள். வெள்ளி சுருங்கியது, உருண்டது, கண்ணாடி போல் மினுங்கிச் சுழன்றது.

"இப்ப!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த கடைசிக் கிழங்கின் பாதியை வைத்து அழுத்தினாள். ஆவி சீறியது. கிழங்கு கருகிய வாசம் மூக்கில் ஏறியது. நாற்பது எண்ணும்வரை கையை எடுக்கவில்லை.

வாளி. சத்தம். பால். பிரஷ்.

பதினொன்றும் பதினொன்றும். இரண்டும். நரம்பு, நரம்பின் கிளை, சிற்றிலை ஓரத்துப் பல் எல்லாம் இருந்தன. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெருவிரலால் தடவும்போது வலது இலையின் நடு நரம்பில் ஏதோ உறுத்தியது. பிசிர் என்று நினைத்து ஐயாவுவின் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். பிசிர் இல்லை. எறும்பு. ஓடைக் கரையிலிருந்து இலையோடு வந்து, சூட்டு மெழுகில் ஒட்டிக்கொண்ட எறும்பு. தலை, கழுத்து, வயிறு, மீசை. ஆறு காலில் ஒன்றைத் தூக்கியபடி, அடுத்த சிற்றிலைக்கு ஏறப்போகிற நிலையில் வெள்ளியாக நின்றது.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

ஐயாவு கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தான். கேலி பண்ணுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "என்னால இத செய்ய முடியாது, பாலா" என்றான்.

கலியாணமான எட்டு வருசத்தில் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று இரவு அவளுக்கு நல்ல தூக்கம்.

புதன்கிழமை காலையில் பாலாமணி முதலாளி வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளையின் தாய் கைறுன்னிஸா யட்டவத்தையிலிருந்து வந்திருந்தார். சாமான்களைப் பார்க்க வந்தவர். பாய் விரித்து நகையும் துணியுமாகப் பரப்பியிருந்தார்கள். றஸ்மியா வெட்கத்தை மறந்து எட்டிப் பார்த்தாள். பாலாமணி பஞ்சைப் பிரித்ததும், "யா அல்லாஹ்!" என்று றாபியா வாயில் கை வைத்தார்.

கைறுன்னிஸா இரண்டையும் உள்ளங்கையில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். லேசில் மெச்சுகிற ஆள் இல்லை என்று முகமே சொன்னது. "ம்ம். சோடி சரியா ஈக்குது. நல்ல வேலை, புள்ள."

அதோடு வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாலு டின்னும் வந்திருக்கும். அந்தப் பொடி எறும்பு கலியாணத்தில் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் பெற்றவளுக்குப் பிள்ளையைக் காட்டாமல் இருக்க முடியுமா? பாலாமணி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"இதப் பாருங்கம்மா, அதிசயம்! நான் வைக்கல, அதுவா வந்துச்சு. மீசைகூடத் தெரியுது!"

கைறுன்னிஸா பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். தோட்டைப் பாயில் வைத்தார்.

"இது உயிருள்ளதோட உருவமாச்சே, புள்ள."

"ஆமாம்மா, உயிரோட இருந்ததுதான்!" பாலாமணிக்கு இன்னும் விளங்கவில்லை.

"எங்கட ஆக்கள் உருவம் உள்ளதப் போடுறல்ல. இதக் காதுல போட்டுக்கிட்டு மருமவள் எப்பிடித் தொழுவுற?"

"மாமி, எறும்புதானே மாமி... கண்ணுக்கே தெரியல்ல" என்று றஸ்மியா இழுத்தாள். றாபியா அவள் தொடையில் ஒரு கிள்ளு வைத்தார்.

"தெரியாம ஈந்தா வேற. இப்பத் தெரிஞ்சுபோச்சே." கைறுன்னிஸாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம். கோபத்தோடு சண்டை போடலாம். "நல்ல வேலை, மனசாரச் செல்றேன். அத மட்டும் எடுத்து உட்டுட்டுத் தாங்க."

வாசலில் ஸக்கரியா முதலாளி தயங்கியபடி நின்றார். "நாளைக்குக் காலைல வேணும், பாலாமணி. சம்மந்தி செல்ற மாதிரி செஞ்சுடுங்க. மத்தது நான் சென்ன மாதிரித்தான்."

வழி நெடுக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடந்தாள். 'காட்டினியே! கண்ணாடி வேற கொண்டு போய்க் காட்டினியே!' கடைக்கு வந்து அரத்தை எடுத்து, எறும்பைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தபோது இன்னோர் இடி. எறும்பின் வயிறும் நரம்பும் ஒன்றாக உருகிப் பிடித்திருந்தன. அந்த இடத்தில் இலையின் நரம்பு நூல் கனம்தான். எறும்பின் உடம்புதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. முழுக்க அராவினால் இலை இரண்டு துண்டாகும். திரும்ப வார்க்கப் பிளாஸ்டரும் இல்லை.

முன்பக்கம் ஐயாவுவின் நாற்காலியில் பள்ளிவாசல் இத்ரூஸ் லெப்பை வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். கட்டின பல் ஈறைக் குத்துகிறதென்று வந்தவர். பல் ஐயாவுவின் கையில் இருந்தது. பாலாமணி மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்தாள்.

"நீங்களே சொல்லுங்க லெப்பை! ஒரு பொட்டு எறும்பு. இதுக்கு ஒரு வழி இல்லையா?"

லெப்பை விரலை உயர்த்தினார். "ஹவ... ஹவையை..." என்றார்.

"என்ன?"

"ஹவையை எஹுத்தா..."

"பல்லு இல்லாம அவருக்கு வராது, கொஞ்சம் பொறு" என்று ஐயாவு பல்லைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்தான், ஊதினான், வெளிச்சத்தில் பார்த்தான், மறுபடி தேய்த்தான். பாலாமணிக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. கடைசியில் பல் வாய்க்குள் ஏறியது. லெப்பை இரண்டு தரம் கடித்துப் பார்த்து, நாக்கால் துழாவி, எச்சிலை விழுங்கினார்.

"தலைய எடுத்தாப் போதும்" என்றார் தெளிவாக. "உருவமெண்டா அது தலைதான். தலை இல்லாட்டி அது மரம், செடிக்குச் சமம். நான் ஓதின அளவுக்கு அப்பிடித்தான். கைறுன்னிஸா கேட்டா, இத்ரூஸ் லெப்பை சென்னதாச் செல்லுங்க." எழுந்து கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டார். "உசிரோட ஈக்கிற எறும்புட தலைய எடுத்தாத்தான் பாவம். இது வெள்ளிதானே, மவள்?"

அவர் போனபிறகு அவள் ஊசி அரத்தை எடுத்தாள். மீசை முதல் இழுப்பிலேயே போனது. தலைக்கு நாலு இழுப்பு. தூக்கியிருந்த கால் தலையோடு ஒட்டியிருந்ததால் அதுவும் போனது. மற்றக் கால்கள் தனியே நின்று பொருளற்றுத் தெரிந்ததால் அவற்றையும் எடுத்தாள். கழுத்தும் வயிறும் மட்டும் மிஞ்சின. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு குண்டுமணி. என்னவென்றே சொல்ல முடியாத இரண்டு குண்டுமணி.

ஐயாவு எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனான்.

வியாழன் காலையில் கைறுன்னிஸா பெரிய கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். லெப்பை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். "சரிதான். இப்பக் கொறையில்ல." திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அட, இது ரெண்டு முத்து வெச்ச மாதிரியெல்லோ ஈக்குது! பாருங்க றாபியா, நரம்புக்கு நடுவுல. முந்தியவிட இப்பத்தான் வடிவு."

பாலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது உட்காரும் முன்னே அடுத்த கேள்வி வந்தது.

"சரி, மத்ததுல எங்க?"

"எது?"

"முத்து. இதுல ரெண்டு ஈக்குது, அதுல இல்லையே. சோடியெண்டாச் சோடியா ஈக்க வேணாமா?"

"அம்மா," பாலாமணி பல்லைக் கடித்துக்கொண்டாள், "அது முத்து இல்ல. அது எறும்பு. எறும்பு ஒன்னுதான் வந்துச்சு. ரெண்டு வரல."

"எறும்பெண்டு இனிச் செல்லாதீங்க புள்ள. அத எடுத்தாச்சே."

"நான் என்ன, எறும்புக்கும் சோடி புடிச்சுக்கிட்டா வர்றது?"

றஸ்மியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தது அவள் மட்டுந்தான். றாபியா பாலாமணியின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து, காதோடு காதாக, "கோவிக்காதீங்க தங்கச்சி. ரெண்டு மணி வெச்சுத் தாங்க. சம்மந்தி ஆக்கள், விளங்குதா?" என்றார். விளங்கத்தான் செய்தது. விளங்கியதால்தான் கண்ணில் நீர் முட்டியது.

கடையில் தோட்டை மேசைமேல் எறிந்தாள். "ரெண்டு முத்து வேணுமாம். நீங்களே வைங்க. நான் தொட மாட்டேன்."

ஐயாவு ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் வேலையை முடித்தான். வெள்ளித் துணுக்கு இரண்டை உருக்கினான், அவை தானாக உருண்டன, நரம்பில் பற்றவைக்கிற பொடி வைத்து ஒட்டினான். பல் கட்டுகிறவனுக்கு அதெல்லாம் பெரிய வித்தையா?

மத்தியானம் இரண்டையும் கைறுன்னிஸா மறுபடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இப்பச் சரி!" என்றார். முத்தை ஐயாவு ஒட்டியதாகப் பாலாமணி சொன்னதும், அந்தப் பக்கத்தை நகத்தால் தட்டினார். "இந்தப் பக்கத்து முத்துத்தான் நல்ல உருண்டை. அந்தப் பக்கத்தது கொஞ்சம் சப்பை. பரவால்ல. ஐயாவுட கைவேலையெண்டாக் கைவேலைதான்."

பாலாமணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று பின்னேரம் மருதோன்றிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். போய் வந்த ஐயாவு, பெண்கள் எல்லோரும் றஸ்மியாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஸக்கரியா முதலாளி வாக்குத் தவறவில்லை. மூன்றாம் வாரம் அவருடைய லொறி கடை வாசலில் நின்றது. நாலு டின். மூடி திறக்காதவை. பாலாமணி ஒரு டின்னை மடியில் வைத்துத் துணியால் துடைத்தாள். பல்லுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. இது அவள் பெயருக்கு வந்தது. எத்தனை இலை! எத்தனை பூ! மழை பெய்தபின் காட்டில் என்னவெல்லாம் முளைத்திருக்கும்!

லொறிக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து ஐயாவுவிடம் கொடுத்தார். றாபியாவின் கையெழுத்து. கலியாணத்துக்கு வந்தவர்களில் பதினொரு பெண்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதே வாசகம்: 'முத்து வைத்த பெரணி, ஒரு சோடி.'

"பாத்தியா!" ஐயாவுக்கு வாயெல்லாம் பல். "பதினொரு சோடி! நீ இலைய வாத்துக் குடு. முத்த நான் ஒட்டிடறேன். இனி எறும்பு கிறும்புன்னு ஒரு தொல்லையும் இல்ல."

"பதினொரு சோடியும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரின்னுதானே கேக்குறாங்க?"

அவள் காகிதத்தை வாங்கவில்லை. டின்னின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தாள். பின்கதவால் வெளியே போனாள். வேலியில் பாகற்கொடி படர்ந்திருந்தது. அதன் பற்றுச் சுருள் ஒன்று, எதையும் பிடிக்கக் கிடைக்காமல் காற்றில் ஏழு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றது. மயிர் கனம். இதை வார்க்க முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கிள்ளிக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் வாளியில் சத்தம் எழும்பியது. ஐயாவு தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பாலாமணி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு சுற்றில் இரண்டரை வந்திருந்தது. மிச்சம் இருந்த இடத்தில் வெள்ளி கட்டியாக நின்றது.

"அங்க பதினொரு பொம்பளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க," அவன் தலையில் அடித்துக்கொண்டான். "நீ பாகக்காக் கொடிய வெச்சுக்கிட்டுப் புதுப் பிளாஸ்டர நாசம் பண்ணிட்டு இருக்கே!"

"ஆமா. நாசம் பண்ணத்தான் கேட்டு வாங்கினேன்."

கட்டியைத் திரும்ப உருக்குவதற்காக ஒரு பக்கம் வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை முழங்கையால் துடைத்தாள். பிறகு அகப்பையை டின்னுக்குள் விட்டு, அடுத்த அச்சுக்கு அள்ளத் தொடங்கினாள்.